மெய்ப்புப் பார்த்த நண்பர்

வெரிபீ, மெல்பேர்ன்
4 மார்ச் 2025

மதிப்பிற்குரிய சிவனேஸ்வரி அவர்களுக்கு,

நீங்கள் மொழிபெயர்த்த ‘வறண்ட ஏரி’யின் மெய்ப்புப் படிகளை இக்கடிதத்துடன் பதிவு அஞ்சலில் அனுப்பியுள்ளேன். மின்னஞ்சலில் அனுப்பியிருந்தால் இந்நேரம் நீங்கள் பாதியைப் படித்து முடித்திருப்பீர்கள். ஆனால் இந்நூல் பற்றிய எதுவும் உங்கள் கைபேசிக்கோ கணினிக்கோ வரக்கூடாது என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொண்டீர்கள். காரணத்தை நான் கேட்கவில்லை. ஒப்புக்கொண்ட ஏற்பாட்டை மீறுவதும் என் வழக்கமில்லை. நீங்கள் கையால் எழுதி அனுப்பியதை நானே தட்டச்சு செய்து சென்னை அச்சகத்திற்குக் கொடுத்தேன்.

என் முன்னுரையையும் படித்துப் பாருங்கள். நூலாசிரியை எடித் கார்ன்ஃபோர்த் இக்கதையை விக்டோரியா அரசியின் காலத்தில் மெல்பேர்ன் வார இதழ் ஒன்றில் ‘ஒரு குடியேறி’ என்ற பெயரில் தொடராக எழுதினார். பின்னர் லண்டன் பதிப்பகம் ஒன்று அதை நூலாக்கியது. அந்நாளில் காலனிகளில் இருந்த எழுத்தாளர்களுக்கு மெய்ப்பு அனுப்புவதில்லை. கப்பல் போய்த் திரும்புவதற்குள் விற்பனைப் பருவம் முடிந்துவிடும். லண்டனில் வசிக்கும் நண்பர் ஒருவர் அவர்கள் சார்பில் மெய்ப்புப் பார்ப்பதே வழக்கம். எடித்துக்கு அப்படி வாய்த்தவர் ஒரு பாதிரியார். ஓடைக்கு இந்நாட்டார் சொல்லும் ‘கிரீக்’ என்று அவள் எழுதியதை எல்லாம் அவர் ஆங்கிலேய வாசகருக்குப் புரியட்டும் என்று ‘புரூக்’ ஆக்கினார். வறட்சியைப் பற்றிய இரண்டு அத்தியாயங்களை நீக்கினார். புனைபெயர் ஒரு நல்ல நூலுக்குக் கௌரவமல்ல என்று கருதி, தலைப்புப் பக்கத்தில் அவளுடைய இயற்பெயரை இடச் செய்தார். அச்சான நூல்களின் பெட்டிகள் மெல்பேர்ன் துறைமுகத்தில் வந்து இறங்கிய பிறகே அவளுக்கு இது தெரிந்தது. ஊரார் கதையில் தங்களை அடையாளம் கண்டுகொண்டார்கள். அதன் பின்னர் அவள் எதுவும் எழுதியதாகத் தெரியவில்லை. ஆகவே நாம் லண்டன் நூலை விடுத்து, வார இதழில் வந்த பாடத்தையே மூலமாகக் கொண்டிருக்கிறோம்.

இரண்டு செய்திகள் மட்டும். உங்கள் பிரதியில் ‘குசினி’, ‘கதிரை’ என்று இருந்தவற்றைச் ‘சமையலறை’, ‘நாற்காலி’ எனத் திருத்தியிருக்கிறேன். நம் வாசகரில் பெரும்பாலோர் தமிழ்நாட்டினர். அடுத்து, ‘மயூரா’ என்னும் புனைபெயர். மொழிபெயர்ப்பாளர் இயற்பெயருடன் தோன்றுவதே முறை என்பது என் கருத்து. ஒப்பந்தத்தில் உங்கள் முழுப்பெயரும் பிறந்த ஆண்டும் ஊரும் உள்ளன. நூலிலும் அவ்வாறே அமைவது ஒழுங்கு. மீண்டும் சிந்தித்துப் பாருங்கள்.

தங்கள்,
பழ. செந்தில்நாதன்


பெண்டில் ஹில், சிட்னி
13 மார்ச் 2025

செந்தில்நாதன் அண்ணைக்கு,

பொதி வந்தது. முதியோர் இல்லத்துக் குசினியில் பகல் வேலை முடிந்து வந்து, நான்கு நாளாக இருந்து பார்த்தேன். எழுத்துப் பிழைகள் அதிகம் இல்லை. நீங்கள் பார்த்த பிறகு எனக்கு என்ன மிச்சம் இருக்கும்?

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். கதையில், காணாமற்போன புருசன் செத்துவிட்டான் என்று கையெழுத்து வைக்கச் சொல்லி ஒவ்வொரு மாதமும் ஒரு அதிகாரி வருகிறான். ஹன்னா குசினிக் கதிரையில் இருந்தபடியே மாட்டேன் என்கிறாள். கதையே அவ்வளவுதான். நீங்கள் அவளைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சமையலறை நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அது அவளுக்குப் பழக்கமில்லாத இடம், அண்ணை. எனக்கும்தான். ‘கிரீக்’கைப் ‘புரூக்’ ஆக்கிய பாதிரியாரை உங்கள் முன்னுரையில் நீங்களே எவ்வளவு மரியாதையாகத் திட்டியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தை இன்னொருமுறை வாசியுங்கள்.

இனிப் பெயர். நீங்கள் கேட்காததால் நான் சொல்லவில்லை. இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்தபோது, எங்களைப் பார்க்க வருகிற ஒரு வெள்ளைக்கார அன்ரிதான் இந்தப் புத்தகத்தைத் தந்தவர். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தேன். ஹன்னா கையெழுத்து வைக்க மறுத்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு கிழமை, முழுதாய் ஏழு நாள், திறக்கவில்லை. போர் முடிந்தபோது என்னுடைய புருசனைக் கடைசியாக எங்கே, இராணுவத்தில் யாரிடம் கையளித்தோம் என்பதை மொழிபெயர்ப்பாளர் குறிப்பில் எழுதியிருக்கிறேன். நீங்கள் வாசித்தீர்கள்தானே. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் இந்த மொழிபெயர்ப்பை நான் ஏன் செய்தேன் என்பதற்குப் பதிலே இல்லை.

எனக்கு இங்கே இருக்க அனுமதி கிடைத்துவிட்டது. என் தம்பி கஜீவன் கிளிநொச்சியில் இருக்கிறான். இடைக்கிடை மோட்டார் சைக்கிளில் புலனாய்வுக்காரர் இரண்டு பேர் வருவார்கள். மரியாதையாகத்தான் கதைப்பார்கள். “அக்கா அங்க என்ன செய்யிறா?” என்று கேட்பார்கள். ஒருமுறை அவனுடைய கைபேசியை வாங்கி எல்லாவற்றையும் பார்த்தார்கள். அன்றிலிருந்துதான் நான் எதையும் தாளில் எழுதுகிறேன். அந்தக் குறிப்பும் என்னுடைய பெயரும் ஒரே இடத்தில் இருந்தால், அடுத்தமுறை அவர்கள் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போகமாட்டார்கள்.

ஆகவே மயூரா. இதில் சிந்திக்க ஒன்றும் இல்லை.

சிவனேஸ்வரி


வெரிபீ
21 மார்ச் 2025

அன்புள்ள சிவனேஸ்வரி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். காரணம் அறியாமல் வற்புறுத்தியமைக்கு வருந்துகிறேன். நூலின் எந்தப் பக்கத்திலும் உங்கள் இயற்பெயர் இராது. தலைப்புப் பக்கம், பின்னட்டை, உரிமைப் பக்கம் மூன்றையும் நானே சரிபார்த்துவிட்டேன். எல்லா இடத்திலும் ‘மயூரா’தான்.

சொற்களைப் பற்றி என் கருத்து மாறவில்லை. பாதிரியார் ஆசிரியையின் மூலத்தில் கை வைத்தார். நான் மொழிபெயர்ப்பில்தான் திருத்துகிறேன். இவ்விரண்டும் ஒன்றல்ல. நீங்கள் இதை ஏற்கமாட்டீர்கள் என்பது தெரியும். அச்சகத்தார் அவசரப்படுத்துகிறார்கள். இப்பதிப்பு இப்படியே போகட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு நற்செய்தியும் உண்டு. நூல் வெளிவரும் முன்பே நூலகப் பட்டியலில் அதற்கு ஒரு முன்பதிவு இடுவது வழக்கம். பகலில் நான் பணிபுரிவது நூலகத்தின் பட்டியல் பிரிவில்தான் என்பதால், ‘வறண்ட ஏரி’க்கான பதிவை முதற்கடிதம் எழுதிய வாரத்திலேயே நானே முறைப்படி செய்து முடித்தேன். பிழையற்ற பதிவு. ஒரு தமிழ் நூலுக்கு இவ்வளவு முழுமையான விவரம் இந்நாட்டில் அமைவது அரிது. உங்கள் குறிப்பிலிருந்தும் சில வரிகளை நூற்சுருக்கமாக எடுத்துக்கொண்டேன்.

செந்தில்நாதன்


பெண்டில் ஹில்
2 ஏப்ரல் 2025

அண்ணைக்கு,

நின்றபடியே எழுதுகிறேன். எழுத்து விளங்காவிட்டால் மன்னியுங்கள்.

நான் வாடகைக்கு இருக்கிற வீட்டின் மகள் வினுஷா நேற்றுப் பின்னேரம் கைபேசியோடு குசினிக்குள் வந்தாள்.

“அன்ரி, நீங்கள் புத்தகம் எழுதுறீங்களோ? சொல்லவே இல்ல.”

“ஆர் சொன்னது?”

“சும்மா உங்கட பேரை கூகிள் பண்ணினன். லைப்ரரி சைட்ல வருது. மயூரா எண்டது நீங்களாம். டேட் ஒஃப் பேர்த்தும் கிடக்கு. சோ கூல்.”

காட்டினாள். மயூரா. இயற்பெயர் சிவனேஸ்வரி, என்னுடைய தகப்பன் பெயர், பிறந்த வருசம், கிளிநொச்சி. அதற்குக் கீழே, என் குறிப்பிலிருந்து நீங்கள் எடுத்த மூன்று வரி. அதில் ஒரு வரி, புருசனைக் கையளித்த இடம்.

புத்தகத்தின் ஒரு பக்கத்திலும் என் பெயர் இராது என்று எழுதினீர்கள். உண்மைதான். பாதிரியார்கூட ஒரு புத்தகத்தில்தான் பெயரைப் போட்டார். அது கப்பலில் வந்து சேர மாதக்கணக்கு எடுத்தது. நீங்கள் போட்டது அன்றைக்கே உலகம் முழுவதும் போய்விட்டது.

வினுஷா கெட்டிக்காரப் பிள்ளை, ஆனால் ஒன்றும் தேடி அலையவில்லை. சும்மா பார்த்தாள். சும்மா பார்க்கிறவளுக்கே கிடைக்கிறதென்றால், தேடிப் பார்ப்பதையே வேலையாக வைத்திருக்கிறவர்களுக்கு?

உடனே எடுங்கள். இந்த ஒரு முறை எனக்குத் தொலைபேசி எடுங்கள். எடுத்தாயிற்று என்று மட்டும் சொல்லுங்கள். வேறொன்றும் கதைக்க வேண்டாம்.

சிவனேஸ்வரி


வெரிபீ
8 ஏப்ரல் 2025

அன்புள்ள சிவனேஸ்வரி,

நேற்று அழைத்தபோது “எடுத்தாயிற்று” என்று சொன்னேன். அது உண்மை, ஆனால் முழு உண்மையல்ல. எஞ்சியதைத் தொலைபேசியில் சொல்ல நீங்கள் இடம் தரவில்லை, எனக்கும் துணிவில்லை.

புனைபெயரில் எழுதியவரின் இயற்பெயர் தெரிந்தால், பட்டியலில் இரண்டையும் இணைக்க வேண்டும். இது எங்கள் தொழிலின் அடிப்படை. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு முதல் வாரத்திலேயே இதைக் கற்பிப்பவன் நான். வார இதழின் ‘ஒரு குடியேறி’யும் லண்டன் நூலின் எடித்தும் ஒருவரே என்பதையும் நான் இந்த வழியாகவே கண்டறிந்தேன். யாரோ ஒருவர் எப்போதோ ஒரு பதிவில் கார்ன்ஃபோர்த் என்று இணைத்து வைத்திருந்தார். உங்கள் ஒப்பந்தம் என் மேசையில் இருந்தது. பெயர், ஆண்டு, ஊர் மூன்றையும் கை தானாகவே இட்டுவிட்டது. உங்கள் மார்ச் கடிதம் வந்தபோது நூலின் பக்கங்களையெல்லாம் சரிபார்த்தேன். பதிவைத் திறந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. பதிவு சரியாக இருந்தது; சரியாக இருப்பதை நான் மீண்டும் பார்ப்பதில்லை.

இதைக் கலாவிடம், என் மனைவியிடம், சொன்னேன். கேட்டுவிட்டு, “ரூல்ஸ் ரூல்ஸுன்னு அலைவீங்க. இப்போ ஒரு பொண்ணை விலாசத்தோட காட்டிக் கொடுத்திருக்கீங்க” என்றாள். விலாசம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

எங்கள் நூலகப் பட்டியலில் பதிவு இப்போது இல்லை. ஆனால் பிற நூலகங்களின் பட்டியல்கள் எங்கள் பதிவுகளைத் தாமாகவே நகலெடுத்துக்கொள்கின்றன. நாங்கள் ஒன்றை நீக்கினால் அந்த நீக்கம் அவர்களுக்குப் போய்ச் சேருவதில்லை. பழைய நகல் அப்படியே கிடக்கும். ஆனால் திருத்திய பதிவை அனுப்பினால், அது பழையதன் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். நீக்கம் பயணம் செய்யாது, திருத்தம்தான் பயணம் செய்யும்.

ஆகவே பெயரை எடுத்தால் மட்டும் போதாது. அந்த இடத்தில் வேறொரு பெயரை வைக்க வேண்டும்.

என் பெயரை வைக்கலாம். ‘மயூரா: பழ. செந்தில்நாதனின் புனைபெயர். பிறப்பு 1975, ஈரோடு.’ எல்லா இடத்திலும் உங்கள் பெயர் இதனால் மூடப்படும். இது ஒரு பொய்ப் பதிவு. இவ்வளவு காலப் பணியில் அறிந்தே ஒரு பொய்ப் பதிவைக்கூட நான் செய்ததில்லை. இதைச் செய்யத் தயாராக இருக்கிறேன். ஆனால் இதன் விலையைக் கொடுக்கப்போவது நான் அல்ல, நீங்கள். உங்கள் உழைப்பு என் பெயரில் நிற்கும். உங்கள் குறிப்பும் அதில் இருக்க முடியாது; “என் கணவர்” என்று நான் எப்படி எழுதுவது?

உங்களைக் கேளாமல் ஓர் எழுத்தையும் இனி மாற்றமாட்டேன். அச்சை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

செந்தில்நாதன்


வெரிபீ
17 ஏப்ரல் 2025

சிவனேஸ்வரிக்கு,

பதில் வரவில்லை. சிட்னியிலிருந்து இங்கே கடிதம் வர ஒரு வாரமாகிறது. நான் ஒருமுறை கணக்குத் தவறியிருக்கலாம். இன்று காலை மீண்டும் தேடினேன். வேறு இரண்டு பட்டியல்களில் பழைய பதிவு இருக்கிறது. ரயிலில் வேலைக்குப் போகும் வழியெல்லாம் கைபேசியில் அதையே திறந்து திறந்து பார்க்கிறேன், நான் பார்க்காவிட்டால் வேறு யாரோ பார்த்துவிடுவார்கள் என்பதுபோல.

நீங்கள் சொல்லும்வரை காத்திருப்பேன் என்று எழுதினேன். காத்திருப்பதும் தவறாகப்படுகிறது, காத்திராமல் செய்வதும் அந்தப் பாதிரியாரின் வேலையாகப்படுகிறது. ஒரு சொல்லாவது எழுதுங்கள்.

செந்தில்


பெண்டில் ஹில்
19 ஏப்ரல் 2025

அண்ணைக்கு,

உங்கள் எட்டாம் திகதிக் கடிதம் வந்த அன்று தம்பியின் செய்தியும் வந்தது. அவனைக் காலையில் ஒரு அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போனவன் இருட்டும்வரை திரும்பவில்லை என்று அவன் மனைவி சொன்னாள். அதன் பிறகு இரண்டு நாள் அவளும் தொலைபேசி எடுக்கவில்லை. அந்த இரண்டு நாளும் இங்கே குசினியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். மேற்பார்வையாளர் வந்து பார்த்துவிட்டு, இது முழு இல்லத்துக்கும் இரண்டு கிழமைக்குக் காணும் என்றார். அதனால்தான் பதில் எழுதவில்லை.

வந்துவிட்டான். அடிக்கவில்லையாம். நீளப் பலகை வாங்கில் இருத்தி வைத்தார்களாம், அவ்வளவுதான். வழமையான கேள்விதான்: அக்கா என்ன செய்யிறா, யாரோடு தொடர்பு. புத்தகத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். ஆனால் இவ்வளவு காலமும் வீட்டுக்கு வந்து கேட்டவர்கள், இந்த முறை ஏன் கூப்பிட்டுக் கேட்டார்கள்? உங்கள் பதிவாலா, வேறு ஏதுமா? எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியப்போவதில்லை. இது உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. தெரியாமல் இருப்பதுதான் கூடாது என்று சொல்ல எழுதுகிறேன்.

உங்கள் பெயரைப் போடுங்கள்.

ஒரு முழு நாள் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். வில்லாவுட்டில் தொடங்கிய மொழிபெயர்ப்பு. ஒவ்வொரு வரியும் என்னுடையது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தேன். பெயர் எனக்கு வேண்டுமா, தம்பி வேண்டுமா? கேள்வியே இல்லை.

குறிப்பை எடுத்துவிடுங்கள். ‘ஒரு பெண் எனக்குச் சொன்னாள்’ என்று அதை நீங்கள் உங்கள் வாயால் திருப்பிச் சொல்லவும் வேண்டாம். அது என்னிடம் இருக்கட்டும்.

ஆனால் அண்ணை, ஒரு நிபந்தனை. குசினி குசினியாகவே வரவேண்டும். கதிரை, பின்னேரம், கிழமை, இடைக்கிடை, எல்லாம். நீங்கள் திருத்திய ஒவ்வொரு இடத்தையும் திருப்பித் திருத்துங்கள். அப்படிப் பேசுகிற சனம் ஆயிரக்கணக்கில் இருக்கிறது, அதைக்கொண்டு என்னை ஒருவரும் பிடிக்க முடியாது. ஈரோட்டு ஐயா இதை எப்படி எழுதினார் என்று ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அதை நீங்கள் தாங்கிக்கொள்ளுங்கள்.

சிவனேஸ்வரி


வெரிபீ
25 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கை சிவனேஸ்வரிக்கு,

நேற்று டண்டினொங்கில் ஒரு மண்டபத்தில் ‘வறண்ட ஏரி’ அறிமுகக் கூட்டம் நடந்தது. நீங்கள் வரக்கூடாது என்று நாம் இருவரும் முடிவு செய்தது சரியே. எனினும் முன்வரிசையில் ஒரு கதிரை காலியாக இருந்தது. அதை நிரப்ப வேண்டாம் என்று கலா சொல்லிவிட்டாள்.

கேள்வி நேரத்தில் ஒரு பெரியவர் எழுந்தார். வரதராஜா என்று பெயர், யாழ்ப்பாணத்தில் கல்லூரி ஒன்றில் ஆங்கிலம் கற்பித்தவராம். “செந்தில்நாதன், நீங்கள் எந்த ஊர்?” என்றார்.

“ஈரோடு, ஐயா.”

“ஈரோட்டில எப்ப இருந்து குசினி?”

மண்டபம் முழுவதும் சிரித்தது. முன்பே எதிர்பார்த்திருந்தேன், பதிலையும் எழுதி வைத்திருந்தேன். அகராதி விளக்கம்போல் ஒரு பத்தி. அதைப் படிக்கவில்லை. “அந்த இடத்தில் அந்தச் சொல்தான் சரி, ஐயா. முதலில் வேறு சொல் போட்டேன். அது பிழை” என்றேன்.

அவர் உட்காரவில்லை. “பிழை எண்டு நான் சொல்ல வரேல்லை, தம்பி. நல்லா வந்திருக்கு. ஆனா இது ஆம்பிளை ஒராள் இருந்து எழுதின குசினி இல்லை.”

இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை. மேடையில் நின்றபடி, உங்கள் தம்பி அமர்ந்திருந்த அந்த வாங்கை நினைத்தேன். ஒரே ஒரு சொல்தான் வந்தது, அதுவும் என் சொல் அல்ல, உங்கள் ஊர் ‘ஆம்’. “ஓம்” என்றேன்.

பெரியவர் தலையசைத்தார். பிறகு, “சரி, வேற ஆரும் கேள்வி இருக்கோ?” என்று தாமே கூட்டத்தைத் திருப்பிவிட்டு அமர்ந்தார். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது என் கையைப் பிடித்து, “நான் ஒண்டும் கேக்கேல்லை” என்று மட்டும் சொன்னார்.

பட்டியல்களை இன்றும் பார்த்தேன். எல்லாவற்றிலும் இப்போது ஈரோடுதான். இவ்வாரம் வேலைக்குப் புதிதாக வந்த ஒருவருக்குப் புனைபெயர் விதியைக் கற்பித்தேன். கற்பித்த பின், “எழுதியவரைக் கேட்டுவிட்டுச் செய்” என்று சேர்த்துக்கொண்டேன். அப்படி எந்தக் கையேட்டிலும் இல்லையே என்றார் அவர். “இல்லை” என்றேன்.

உங்களுக்கான பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். வாசகர்களுக்கு நான் எதிலும் கையெழுத்திடவில்லை. கை வலி என்று சொல்லிவிட்டேன்.

தம்பியைப் பற்றி எழுதுங்கள்.

செந்தில்நாதன்


பெண்டில் ஹில்
5 செப்டம்பர் 2025

அண்ணைக்கு,

புத்தகம் வந்தது. முதல் அத்தியாயத்தைக் குசினியில் நின்றபடியே வாசித்தேன். ஹன்னா தன்னுடைய கதிரைக்குத் திரும்பி வந்துவிட்டாள். ‘பின்னேரம்’ ஒரு இடத்தில் தப்பிப்போய் ‘மாலை’யாகவே கிடக்கிறது. பரவாயில்லை, அது உங்களுடையதாக இருக்கட்டும்.

போன கிழமை அந்த இரண்டு பேரும் தம்பி வீட்டுக்கு வந்தார்களாம். கூப்பிடவில்லை, முந்தியைப் போல வாசலில் நின்றுதான் கேட்டார்களாம். தம்பி எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அக்கா இப்ப என்ன செய்யிறா எண்டு கேட்டவங்கள். குசினியில நிக்கிறா எண்டு சொன்னனான். சரியே அக்கா?”

சரிதான் என்றேன்.

சிவனேஸ்வரி